மூன்றாம் மாடி ஏஞ்சலின்

எங்கள் மருத்துவமனையில் படுத்திருக்கும் எல்லாரையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருப்பவள் ஏஞ்சலின். ஆனால் ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியாது. நிறம்தான் தெரியும். மூன்றாம் மாடியில், ஜன்னலுக்குத் திரை போட்டு ஏசி சில்லிடும் ஓர் அறையில், சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு கட்டிலும் அந்தத் திரையில் ஒரு சின்னக் கட்டம். பச்சை என்றால் படுத்திருப்பவர் நன்றாக இருக்கிறார். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் ஓட வேண்டும். வெள்ளை என்றால் கட்டில் காலி. மந்தாரக்குப்பத்தில் இருக்கும் எங்கள் கட்டடம் மட்டுமல்ல, குறிஞ்சிப்பாடியிலும் வடலூரிலும் உள்ள எங்கள் சிறிய கிளைகளின் கட்டில்களும், ஆம்புலன்ஸ்களும், ஆக்சிஜன் இருப்பும் எல்லாம் அந்தச் சுவரில்தான். அந்த அறைக்குக் கன்ட்ரோல் ரூம் என்று பெயர். சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட் ஓடுவதைப் பார்க்கக் கன்ட்ரோல் ரூம் வைத்திருக்கும் ஊர் இது. அதனால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நான் இரண்டாம் மாடி வார்டின் பொறுப்பு நர்ஸ். பெயர் பிரபாவதி, எல்லாருக்கும் பிரபா சிஸ்டர். வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைச் சொல்வார்கள், சொல்லட்டும், பொய்யில்லையே. அந்த அறையைத் திறந்த அன்று, சுவரைப் பார்த்தே காய்ச்சலை இறக்கப் போகிறீர்களா என்று நிர்வாகத்தாரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே கேக் கொடுத்தார்கள். கேக்கைச் சாப்பிட்டேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் பழைய முறை வேறு. காலிக் கட்டில் இருக்கிறதா என்று கீழே அவசரப் பிரிவிலிருந்து ஒவ்வொரு வார்டாகப் போன் வரும். இல்லை என்பதுதான் எங்கள் முதல் பதில். எந்த வார்டு சிஸ்டரும் ஒரு கட்டிலை ஒளித்து வைத்திருப்பாள். திடீரென்று யாருக்காவது மோசமானால் படுக்க வைக்க இடம் வேண்டுமே. தலையணையைக் கொஞ்சம் அமுக்கி, ஓரத்தில் ஒரு துணிப்பையை வைத்து, மின்விசிறியைச் சுழல விட்டுவிட்டால் போதும், ஆள் கழிப்பறைக்குப் போயிருக்கிறார் என்று டாக்டர்களே நினைத்துக்கொள்வார்கள். கீழே ஸ்ட்ரெச்சரில் ஒருவர் காத்துக் கிடப்பார். மேலே பை சுகமாகப் படுத்திருக்கும். நர்ஸ் பிழைப்பு மத்தளப் பிழைப்பு, இரண்டு பக்கமும் இடி; தற்காப்புக்கு ஒரு பையாவது வேண்டாமா?

கன்ட்ரோல் ரூம் வந்த புதிதில் ஒருநாள் எனக்குப் போன் வந்தது. பாதித் தூக்கத்தில் பேசுவது போன்ற மெல்லிய குரல்.

"பிரபாக்கா, உங்க வார்டு பதினேழாம் பெட்டுல இருக்கறவங்களுக்கு வந்ததுலேர்ந்து காய்ச்சலும் இல்ல, ஊசியும் இல்ல, சாப்பாடும் போகல. இவ்ளோ நல்ல பேஷன்ட் யாருக்கா அது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சிரிப்பு பிறகு வந்தது. பையை எடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் குறிஞ்சிப்பாடியிலிருந்து மூச்சுத் திணறலோடு வந்த நெசவாளி ஒருவர் அந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். வழக்கம் போலக் கீழேயே காத்திருந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்தேன். அன்று டியூட்டி முடிந்ததும், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று பார்க்க மாடிப்படி ஏறினேன்.

ஒல்லியான பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். ஏசிக்காகத் தோளில் ஒரு போர்வை. ஜன்னல் திரையை ஒரு சாண் மட்டும் விலக்கி வைத்திருந்தாள். அந்தச் சாணில் அனல் மின் நிலையத்தின் கூலிங் டவர்கள் தெரிந்தன. அவற்றிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பி, மேலே போய், எது ஆவி எது மேகம் என்று பிரிக்க முடியாமல் கலந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டு வேடிக்கையா என்று கேட்க வாயைத் திறந்தேன். திரும்பாமலே, "உக்காருங்கக்கா. உங்க பத்தாம் பெட்டு இப்பதான் பச்சைக்கு வருது" என்றாள். சுவரைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்த ஒரு கட்டம் பச்சையாகியிருந்தது.

அவள் கனவு காண்கிற ஜாதி. ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கனவு காண்கிறவள். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தக் கட்டங்களுக்கு அவள் மனசுக்குள் ஆட்களை வைத்திருந்தாள். வடலூர் கிளையின் மூன்றாம் கட்டிலுக்குப் பூனை பிடிக்கும் என்பாள். எங்கள் வார்டின் ஆறாம் கட்டில் சன்னமாகப் பாடும் என்பாள். எல்லாம் கற்பனை. ஆறாம் கட்டிலில் இருந்தவர் லாரி டிரைவர். எனக்கு முன்னால் ஒருநாளும் பாடியதில்லை. வீட்டுக்குப் போகிற அன்று நான் கேட்டே விட்டேன். அவர் வெட்கப்பட்டு, மார்கழி மாத பஜனையில் பாடுவேன் சிஸ்டர் என்றார். தற்செயல்தான் என்று இன்றும் சொல்வேன். அவளிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

ஏஞ்சலின் சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த நகரியத்தில் பிறந்தவள். பத்தொன்பதாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். அப்பா இருதயசாமி சுரங்கத்தில் பெர்மனென்ட், கன்வேயர் பெல்ட் பிரிவு. படித்து முடித்ததும் சென்னைக்குப் போய் ஒரு கால் சென்டரில் முகம் தெரியாதவர்களோடு பேசுகிற வேலை பார்த்தாள். அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஒரு மாடி வீடு பிடித்தபோது, சாமான்களை ஏற்ற உதவிக்கு வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் பற்றிக் கேட்டால், எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஊரில் ஒருத்தி வேண்டாமா அக்கா என்பாள். 

குவார்ட்டர்ஸைக் காலி செய்வது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. முப்பது முப்பத்தைந்து வருடம் ஒரு பிளாக்கில் இருந்துவிட்டு, ஒருநாள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். பலா மரம் அங்கேயே நிற்கும். முருங்கை அங்கேயே நிற்கும். ஆட்கள் மட்டும் ரோட்டைத் தாண்டி வந்துவிடுவார்கள். மனசு வராது. அதனால் இந்த ஊரில் ரிட்டயர் ஆனவர்களைப் பார்த்து உங்கள் வீடு எங்கே என்று கேட்டால், குடியிருக்கும் வீட்டைச் சொல்ல மாட்டார்கள். பழைய பிளாக் நம்பர்தான் வரும். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. ஆதாரில் பிளாக், கேஸ் புத்தகத்தில் பிளாக், கல்யாணப் பத்திரிகையிலும் பிளாக்.

கன்ட்ரோல் ரூமுக்கு இதனால் ஒரு தலைவலி வந்தது. போன் வந்ததுமே அழைத்தவரின் முகவரி திரையில் விழும், ஆம்புலன்ஸ் அங்கே போய் நிற்கும். ஒருமுறை வண்டி நகரியத்துக்குள் போய் ஒரு வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. வெளியே வந்த இளம் தம்பதி, எங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று முழித்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் மந்தாரக்குப்பத்தில் இருந்தார். நல்ல வேளை, அவருக்கு வெறும் வாயுத் தொல்லைதான். ஆனால் நிர்வாகம் விழித்துக்கொண்டது. எல்லா நோயாளிகளின் முகவரியையும் சரிபார்க்கச் சொல்லி ஏஞ்சலினிடம் ஒப்படைத்தார்கள்.

அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். வீடு எங்கே என்று கேட்டால் பிளாக் நம்பர் வந்தது. இப்போது அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் எதிர்முனையில் பேச்சே நின்றுபோனது. பிறகு அவள் கேள்வியையே மாற்றிவிட்டாள். காலையில் எந்தக் கடையில் பால் வாங்குகிறீர்கள், அந்தக் கடைக்கு இடது கைப் பக்கமா வலது கைப் பக்கமா இறங்கி வருகிறீர்கள் என்று விசாரிப்பாள். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லிவிடுவார்கள். பால் வாங்குகிற கடையைச் சொல்வதில் யாருக்கும் மானம் போகாதல்லவா? நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதட்டி வேலை வாங்கியே பழகிய எனக்கு அது ஒரு வித்தையாகத்தான் தெரிந்தது.

ஒரே ஒருவரிடம் மட்டும் அவள் எதையும் கேட்கவில்லை. தன் அப்பாவிடம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர் அவர். கேட்டால் நடக்காது என்று அவளே முகவரியை மாற்றிவிட்டாள். சிஸ்டம் சும்மா இருக்குமா? உங்கள் முகவரி மாற்றப்பட்டது, மந்தாரக்குப்பம் என்று அவர் போனுக்கு உடனே மெசேஜ் அனுப்பிவிட்டது.

அன்று முதல் இருதயசாமி மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஆனால் எதுவாக இருந்தாலும் மனைவி சவரியம்மாள் வழியாகத்தான். சவரி, உன் பொண்ணு குடை எடுத்துக்கினு போவுதான்னு கேளு என்பார், பொண்ணு முன்னாலேயே நின்றுகொண்டிருக்கும். சவரியம்மாளுக்கோ மந்தாரக்குப்பம் ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. இறங்கினால் காய்கறி, திரும்பினால் மீன். இந்த வயதில் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்ப்பதுதான் அலுப்பாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஏஞ்சலின் சிரிக்கவில்லை. அப்பா என் பெயரைச் சொல்லியே ரொம்ப நாளாகுதுக்கா என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. இங்கே டிசம்பர் காலைகளில் எதிரே வருகிறவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். கூலிங் டவர் ஆவியும் பனியும் சேர்ந்து ரோட்டின் மேலேயே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சைக்கிளில் போகிறவர்கள் இடுப்புக்கு மேல் மட்டும் மிதந்து போவது போல இருக்கும். அப்படி ஒரு காலையில் இருதயசாமி வழக்கம் போலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரியத்துக்குள் கிளம்பினார். தினமும் பழைய பிளாக் பக்கம் ஒரு சுற்று போய் டீ குடித்துவிட்டு வருவது அவருக்குப் பழக்கம். திரும்பி வரும்போது குறுக்கே ஓடிய நாய் பனியில் தெரியவில்லை. விழுந்தார். தலை கல்லில் பட்டது.

யாரோ கொண்டுவந்து சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். என் வார்டில், நர்ஸ்கள் உட்காரும் மேசைக்கு எதிர்க் கட்டிலில்தான் படுக்க வைத்தோம். டாக்டர் அருள்மொழி, பொறுமையான பெண், என்னையும் ஏஞ்சலினையும் ஓரமாக அழைத்துச் சொன்னார். மண்டைக்குள் கொஞ்சம் இரத்தம் கசிந்திருக்கிறது. அப்படியே நின்றுவிட்டால் தானாகக் கரைந்துவிடும். ஆனால் அவர் ஏற்கெனவே இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். கசிவு கூடினால் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறக்க வேண்டியிருக்கும். அந்த இதயம் அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது. கூடுகிறதா என்பது முதலில் பேச்சில் தெரியும். அதனால் மணிக்கு ஒருமுறை கேள்வி கேட்க வேண்டும்.

கேள்வி கேட்கும் வேலை என் வார்டின் புது நர்ஸ் நித்யாவுக்கு. சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, பயந்த பெண். கையில் டேப்லெட்டோடு போவாள். பெயர் என்ன, என்ன மாதம், இப்போது எங்கே இருக்கிறீர்கள், வீடு எங்கே. சொன்ன பதில் சரியா தவறா என்று தொட வேண்டும். சரியான முகவரி டேப்லெட்டிலேயே இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க.

"பெரியவரே, உங்க வூடு எங்க இருக்கு?"

"பத்தொம்பதாம் பிளாக்கு. மூலை குவார்ட்டர்ஸ்."

நித்யா டேப்லெட்டைப் பார்த்தாள். மந்தாரக்குப்பம் என்று இருந்தது. மறுபடி கேட்டாள். மறுபடி பத்தொன்பதாம் பிளாக். தவறு என்பதைத் தொட்டாள். மேலே மூன்றாம் மாடியில், நூறு பச்சைகளுக்கு நடுவில் ஒரு கட்டம் சிவப்பாகியது.

ஏஞ்சலின் படிகளில் இறங்கி வந்த வேகத்தைச் சொல்ல வேண்டாம். டாக்டரும் வந்துவிட்டார். பக்கத்து அறையில் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அப்பா எப்போதும் இப்படித்தான் சொல்வார், இந்த ஊரில் ரிட்டயர் ஆனவர்கள் எல்லாருமே இப்படித்தான், இது குழப்பம் இல்லை டாக்டர், பிடிவாதம். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நம்பறேன். ஆனா மூளையில அடிபட்டா புது ஞாபகம்தான் முதல்ல போகும், பழசு அப்படியே நிக்கும். இன்னைக்கும் அது பிடிவாதம்தான்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா?"

ஏஞ்சலின் கதவு வழியாக அப்பாவின் கட்டிலைப் பார்த்தாள். 

டாக்டரே போய், வீட்டுக்காரர் பெயர் என்ன என்று அவரிடம் கேட்டார். கம்பெனி என்றார் இருதயசாமி. குவார்ட்டர்ஸுக்குக் கம்பெனிதானே சொந்தக்காரர்! வீம்புக்குச் சொன்னாரா, நினைவு தவறிச் சொன்னாரா? ஏஞ்சலின் கட்டில் பக்கம் போய், நம்ம மாடிப்படிக்குக் கீழ யாருப்பா கடை வெச்சிருக்காங்க என்று கேட்டாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். மகளோடு பேசாதவர் பேசாமல் இருந்தார். அதுவும் வீம்பா, மயக்கமா என்று பிரிக்க முடியவில்லை. 

கை கால் பலம் நன்றாக இருக்கிறது, அதனால் இன்னும் ஒரு முறை பார்க்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். அடுத்த கேள்விக்கும் பதில் இப்படியே வந்தால் காத்திருப்பதற்கில்லை, புதுச்சேரிதான். ஆம்புலன்ஸைத் தயாராக நிறுத்தச் சொன்னார். அந்த உத்தரவை வண்டிக்குச் சொல்ல வேண்டியதும் கன்ட்ரோல் ரூம்தான். ஏஞ்சலின் மேலே போனாள். தன் அப்பாவுக்கான வண்டியைத் தன் குரலாலேயே அழைத்து வாசலில் நிறுத்தினாள்.

அந்த ஒரு மணி நேரம் மேலே எப்படிப் போனது என்று பிறகு சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கொஞ்ச நேரத்தில் அது சுவராகத் தெரியவில்லை. சின்ன வயதில், மின்சாரம் போய்த் திரும்பி வரும் வேளையில், மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் நகரியம் பிளாக் பிளாக்காகக் கண் திறக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் யாரோ சாப்பாட்டுக்கு உட்கார்கிறார்கள், யாரோ ஷிப்டுக்கு ஷூ மாட்டுகிறார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து எந்த ஜன்னல் நம்முடையது என்று தேடுவாளாம். இப்போதும் அப்படித் தேடிக்கொண்டிருந்தாளாம். சிவப்பாக எரிந்தது மட்டும்தான் அவளுடையது. நடுவில் வடலூரிலிருந்து ஒரு பிரசவ கேஸ் வந்தது, கட்டில் பார்த்துக் கொடுத்தாள், இரத்த வங்கிக்குச் சொன்னாள், எதிலும் பிசகில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது என்றாள். கூலிங் டவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கீழே என் வார்டில் சவரியம்மாள் கட்டில் ஓரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலில் பனி கலைந்து, வெயில் மஞ்சளாகக் கட்டில் மேல் விழுந்தது. தூரத்தில் சுரங்கத்தின் இரைச்சல், இந்த ஊரில் நாங்கள் யாரும் காதில் வாங்காத அந்த இரைச்சல், அன்று எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நித்யா டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்தபடி கட்டிலருகே குனிந்து அவரிடம் ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்தேன். மேசையில் இருந்தபடியே அதட்டலாமா என்று நினைத்தேன். அதற்குள் நேரமாகிவிட்டது.

நானும் எழுந்து போய் நின்றேன். பெயர் சொன்னார். மாதம் சொன்னார். மருத்துவமனை என்றார். நித்யா டேப்லெட்டைப் பார்க்காமலே அடுத்ததைக் கேட்டாள்.

"வூடு எங்க இருக்கு, பெரியவரே?"

இருதயசாமி மேலே சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, நின்றது. மறுபடி அசைந்தது.

"மந்தாரக்குப்பம்" என்றார். "மாடி வூடு. வாடகைக்கு."

நித்யா சரி என்பதைத் தொட்டாள். எனக்கு இருந்த மகிழ்ச்சியில் அவள் முதுகில் ஒன்று போட்டேன். சவரியம்மாள் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புதுச்சேரி வண்டி வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம் என்று டாக்டருக்குச் சொல்லப் போனை எடுத்தேன். எண்ணை அழுத்துவதற்குள் ஏஞ்சலின் வாசலில் நின்றாள். கட்டம் பச்சையானதைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்து, உதடு காய்ந்து போயிருந்தது.

"வண்டியத் திருப்பி அனுப்பாதீங்கக்கா. எங்கப்பா சாவற நேரத்துலகூட மந்தாரக்குப்பம்னு சொல்ல மாட்டாரு. அவருக்கு என்னமோ ஆயிடுச்சு."

 திரை பச்சை என்கிறது, டேப்லெட் சரி என்கிறது, பெற்ற மகள் சரியில்லை என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?   டாக்டர் அருள்மொழி மட்டும் தயங்கவில்லை. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கையைப் பிடித்து இழுக்கச் சொன்னார். எதிலும் மாற்றம் இல்லை. ஆனாலும் மகள் சொல்வதை ஒதுக்கக் கூடாது என்று உடனே இன்னொரு ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏஞ்சலின் கூடவே நடந்தாள். அவள் இடத்தில் மாற்று ஆள் உட்கார்ந்திருந்தார்.

கசிவு கூடவில்லை. காலையில் இருந்த அளவிலிருந்து ஒரு இழைகூட மாறவில்லை. வாசலில் நின்ற வண்டி கிளம்பிப் போனது. அவரைத் திரும்பக் கட்டிலில் படுக்க வைத்தபோது கட்டில் மேல் இருந்த வெயில் ஜன்னலோரத்துக்கு ஒதுங்கியிருந்தது. ஏஞ்சலின் கட்டில் ஓரத்துக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் சலைன் பாட்டிலைச் சரிபார்ப்பது போல நின்றுகொண்டேன். சலைன் சரியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏஞ்சல்."

கூப்பிட்டது இருதயசாமி. சவரியம்மாள் உருட்டிக்கொண்டிருந்த மாலை அப்படியே நின்றது.

ஏஞ்சலின் கையை எடுத்தாள். நீங்க ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க, நான் பயந்தே போயிட்டேன் என்று தேம்பினாள்.  அவருக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். பெரிய உடம்பு, நரைத்த மீசை, தலையில் கட்டு, முகமெல்லாம் வெட்கம்.

"இந்தப் பாப்பாதான் சொல்லிச்சு" என்று நித்யாவைக் கண்ணால் காட்டினார். "நான் பிளாக்குன்னு சொன்னா மேல உன் செவுத்துல செவப்பா எரியுமாம். நீ ஒத்தையா குந்திக்கினு அதையே பாத்துக்கினு இருக்கியாம்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார்.

"பச்சையாச்சா?"

ஆச்சுப்பா என்றாள் ஏஞ்சலின். நோயாளிக்கு விடை சொல்லிக் கொடுத்ததற்காக நித்யாவை நன்றாகத் திட்ட வேண்டும் என்று இருந்தேன். இன்றுவரை திட்டவில்லை.